வண்டி நம்முடையது, வீதி ஊருடையது

கரும்பும் மரவள்ளியும் ஆலைக்குப் போகிற மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்கும். வண்டியை எங்கே நிறுத்துவது, பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திய வண்டியை எப்படி எடுக்க வைப்பது என்பதுதான் அது. சேலம், நாமக்கல் சமவெளியில் இது சின்ன விஷயம் அல்ல. நாமக்கல்லில் டேங்கர் லாரி, சங்ககிரியில் சரக்கு லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, மற்ற ஊர்களில் டிராக்டரும் டிரெய்லரும் என்று வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு வண்டி நிற்கிறது.

நம் ஊர் வீதிகளோ மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அமைந்தவை. மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டு வாசலோரம் ஒதுக்கிவிடலாம். அவசரம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். லோடு ஏற்றிய டிரெய்லரை அப்படித் தள்ள முடியாது. இந்த இதழில் அப்படி வந்த ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி 1: எங்கள் வீதி 12 அடி அகலம். எதிர்வீட்டில் இருப்பவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, பெரியப்பா மகன். இரண்டு வருடமாக டிரெய்லரைக் கழற்றி வீதியிலேயே விடுகிறார். போன மாதம் இரவு 11 மணிக்கு என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 வண்டி வீதி முனையைத் தாண்டி வர முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்து ஐந்து பேர் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்துவிட்டார். மறுநாள் கேட்டதற்கு, ‘வண்டி வீதியிலதானே நிக்குது, உங்க இடத்துலயா நிக்குது?’ என்கிறார். போலீசுக்குப் போனால் உறவு போய்விடும் என்று மாமனாரே தடுக்கிறார். சட்டத்தில் என்ன வழி? - வாசகி, வெண்ணந்தூர் வட்டாரம்.

பதில்: உங்கள் மாமனார் நலமாக இருப்பது முதல் நிம்மதி. உங்கள் பங்காளி சொன்ன பதிலிலேயே அவருடைய தவறு இருக்கிறது. வண்டி உங்கள் பட்டா இடத்தில் நின்றிருந்தால் அது இரண்டு வீட்டாருக்கு இடையிலான தகராறு. வீதியில் நிற்பதால்தான் அது ஊர் முழுவதற்குமான விஷயம் ஆகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது பிரிவு 2(28). டிராக்டர் தோட்டத்தில் இருந்தாலும், தனியாகக் கழற்றி நிறுத்திய டிரெய்லரும் சட்டத்தின் பார்வையில் ஒரு மோட்டார் வாகனம்தான். அதேபோல ‘பொது இடம்’ என்பது தார் ரோடு மட்டும் அல்ல. மக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வீதியும், சந்தும், பாதையும் பொது இடம்தான் என்கிறது பிரிவு 2(34).

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மற்றவை தெளிவாகும். மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, தேவையற்ற இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்பது பிரிவு 122. டிரெய்லர் என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பார் இன்றி நிற்கும் வண்டியை இழுத்துச் சென்று அப்புறப்படுத்த, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். இது பிரிவு 127. போக்குவரத்துக்குத் தடையாக நிறுத்தினால் பிரிவு 201-ன்படி 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. இவை தவிர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 285, பொது வழியில் தடை ஏற்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாயாக இருந்தது.

பலர் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிரிவு 194-இ. ஓட்டிக்கொண்டு போகும்போது ஒதுங்காதவர்களுக்கான பிரிவு அது; நிறுத்திவைத்த வண்டிக்குப் பொருந்தாது. மனுவில் அதை எழுதி மனுவைப் பலவீனமாக்க வேண்டாம். மேலே சொன்ன பிரிவுகளே போதும்.

இனி நடைமுறை. உங்கள் மாமனாரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் அதே பங்காளிதான் முன்னால் நிற்க வேண்டும். அதனால் படிப்படியாகப் போங்கள்.

முதலில் ஊர்ப் பெரியவர் இருவரை வைத்து ஒருமுறை பேசுங்கள். ‘எடுத்துவிடு’ என்று மட்டும் சொல்லாமல், எங்கே நிறுத்தலாம் என்றும் சேர்த்துப் பேசினால் பேச்சு முறியாது. பயன் இல்லையென்றால் ஊராட்சிக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். கிராம வீதிகள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை; தடையை அகற்றும் அதிகாரமும் கடமையும் ஊராட்சிக்கு உண்டு. தலைவர் பொறுப்பில் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். மனுவின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். வீதியில் உள்ள நான்கைந்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டால் அது ஒரு வீட்டுப் பகை என்ற பேச்சு எழாது.

அதற்கும் அசையவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம் போகலாம். இங்கே ஆர்.டி.ஓ. என்பது வண்டி பதிவு செய்யும் அலுவலகம் அல்ல, வருவாய் கோட்டாட்சியர். நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு என இரண்டு கோட்டங்களும், சேலம் மாவட்டத்தில் சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என நான்கு கோட்டங்களும் உள்ளன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152, பொது வழியில் உள்ள தடையை அகற்றக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. பழைய சட்டத்தில் இது பிரிவு 133. அவர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார். எதிர்த்தரப்பு வண்டியை எடுக்க வேண்டும், அல்லது நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும்.

அங்கே எதிர்த்தரப்பு ‘இது பொது வீதியே அல்ல’ என்று வாதாடினால், கோட்டாட்சியர் முதலில் அதை விசாரிக்க வேண்டும். அந்த வாதத்துக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போய்விடும். ஆகவே மனு எழுதும் முன்பே புலப்படத்தின் நகலையும், அந்த இடம் வீதி என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் டயரில் காற்றைப் பிடுங்குவது, ஜே.சி.பி. கொண்டு வந்து நீங்களே இழுத்துப் போடுவது எல்லாம் உங்கள் மேலேயே வழக்காக வந்து நிற்கும்.

கேள்வி 2: நான் டிரெய்லர் வைத்திருப்பவன். என் வீட்டு முன்சுவருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் 9 அடி மண் இடம் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து 30 வருடமாக அங்கேதான் வண்டி நிற்கிறது. இப்போது ஊராட்சியில் காலி செய்யச் சொல்கிறார்கள். தோட்டத்தில் விட்டால் பேட்டரியும் டயரும் காணாமல் போகிறது. 30 வருட அனுபவத்துக்கு உரிமை இல்லையா? - வாசகர், கொங்கணாபுரம்.

பதில்: முதலில் அந்த 9 அடி யாருடையது என்று தெரிய வேண்டும். தார் போட்ட ஓரம்தான் வீதியின் எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 20 அடி வீதியில் 10 அடிக்கு மட்டும் தார் போட்டிருப்பார்கள். மீதி மண்ணும் வீதியே. இன்னொரு பக்கம், வீடு கட்டும்போது முன்னால் இடம் விட்டுக் கட்டியவர்களும் உண்டு. அப்படியானால் அந்த மண் உங்கள் பட்டாவில் அடங்கியிருக்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

உங்கள் வீடு கிராம நத்தத்தில் இருந்தால், நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த பட்டாவையும் அதற்கான வரைபடத்தையும் பாருங்கள். வீடுகளுக்குத் தனி எண்ணும், வீதிக்குத் தனி எண்ணும் இருக்கும். பட்டா நிலமாக இருந்தால் புலப்படத்தில் அளவுகள் இருக்கும். சந்தேகம் இருந்தால் இ-சேவை மையம் வழியாக நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயரை வைத்து எல்லைக் கல் நட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே தெரிவித்து, அவர்கள் எதிரிலேயே அளப்பது பின்னால் வரும் பேச்சைத் தவிர்க்கும்.

அளந்த பிறகு இடம் உங்கள் பட்டாவுக்குள் வந்தால் நிம்மதியாக நிறுத்துங்கள். சொந்த இடத்தில் சொந்த டிரெய்லரை நிறுத்த ஊராட்சியின் அனுமதி தேவையில்லை. பார்க்க நன்றாக இல்லை, வாசலை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டார் தடுக்க முடியாது. ஆனால் டிரெய்லரின் இழுவைக் கம்பி வீதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் நீட்டி நிற்கும் அந்தக் கம்பி, இருட்டில் சைக்கிளில் வரும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

இடம் வீதிக்குள் வந்தால், 30 வருடம் என்பது உதவாது. பொது வீதியை எத்தனை காலம் பயன்படுத்தினாலும் அது தனி ஆளின் சொத்தாக மாறுவதில்லை என்பதே நீதிமன்றங்கள் பின்பற்றும் நிலை. அங்கே தகரக் கொட்டகை போட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-ன்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். நோட்டீஸ் வந்தால் ஒளிக்காமல் வாங்கி, குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். நோட்டீஸ் கொடுக்காமல், உங்கள் பதிலைக் கேட்காமல் கொட்டகையை இடிக்க வந்தால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

புதிய மனைப்பிரிவுகளில் இடம் வாங்கியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை. ‘லேஅவுட் ரோடுதானே’ என்று வண்டிக்கு உரிமை கொண்டாட முடியாது.

திருட்டுப் பயம் நியாயமானது. தோட்டத்துச் சாளையை ஒட்டி, ஆள் படுக்கும் இடத்துக்கு அருகில் நிறுத்துங்கள். டிரெய்லரின் இணைப்பு ஊசியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். அது இல்லாமல் சட்டென்று மாட்டி இழுக்க முடியாது. சக்கரத்துக்குச் சங்கிலிப் பூட்டு போடுங்கள். சேஸிஸ் எண்ணையும் டயர் எண்களையும் ஒரு நோட்டில் குறித்து, நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருட்டுக்கு இழப்பீடு வேண்டுமானால் மூன்றாம் நபர் பாலிசி போதாது. முழுமையான பாலிசி எடுக்க வேண்டும்.

கேள்வி 3: மரவள்ளிக் கிழங்கு லோடுடன் டிராக்டர் பஞ்சர் ஆனதால் டிரெய்லரை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்தேன். இரவு பைக்கில் வந்த ஒருவர் பின்னால் மோதி கால் முறிந்துவிட்டது. ‘நிற்கிற வண்டியில் வந்து மோதியது அவர் தவறு’ என்கிறேன். போலீசார் என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். டிரெய்லருக்குத் தனியாக இன்சூரன்ஸ் இல்லை. - வாசகர், மல்லசமுத்திரம்.

பதில்: உங்களை வருத்த இதைச் சொல்லவில்லை. இந்தக் கேள்வி மற்றவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறோம். நிற்கிற வண்டி தவறு செய்யாது என்பது சட்டத்தில் இல்லை. விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாமல் இரவில் ரோட்டில் விடப்பட்ட டிரெய்லர், ஓடும் வண்டியைப் போலவே விபத்துக்குக் காரணமாகக் கருதப்படும். வண்டி ஓடாமல் நிற்பதும் ‘பயன்பாடு’தான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அது ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் தொடர்பான வழக்கு.

மோதியவரும் வேகமாக வந்திருந்தால், பைக்கில் விளக்கு இல்லாமல் இருந்திருந்தால், தவறில் அவருக்கும் பங்கு உண்டு என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாதாடலாம். அதற்கான சாட்சியத்தை உங்கள் வழக்கறிஞரிடம் இப்போதே கொடுங்கள். சம்பவ இடத்தின் படம், பஞ்சர் போட்டதற்கான ரசீது, அங்கே கல்லோ முக்கோணமோ வைத்திருந்தால் அதைப் பார்த்தவர்கள் ஆகியோர் முக்கியம்.

இன்சூரன்ஸ் விஷயம்தான் கடினம். டிரெய்லரும் மோட்டார் வாகனம் என்று முதல் பதிலில் பார்த்தோம். அதனால் பொது இடத்தில் பயன்படுத்த அதற்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். டிராக்டர் பாலிசி எடுக்கும்போது டிரெய்லரின் பதிவு எண்ணையும் சேர்த்து, அதற்கான பிரீமியம் கட்டி, பாலிசியில் அச்சாகி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முகவர் ‘எல்லாம் சேர்ந்ததுதான்’ என்று வாயால் சொல்வது போதாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் விட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அபராதம் பெரிய செலவு அல்ல. தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உங்கள் நிலத்தின் மேல் வந்து விழலாம் என்பதுதான் பெரிய ஆபத்து. உயிரிழப்பு என்றால் இன்னும் மோசம். கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106-ன்கீழ் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது.

இதைத் தடுக்க ஆகும் செலவைப் பாருங்கள். டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்பக்கம் வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு இதற்கு ஆவது பெரிய செலவு அல்ல. கரும்பும் சோளத்தட்டும் ஏற்றும்போது அது பட்டையை மறைத்துத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் லோடின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கோ பட்டை ஒட்டிய பலகையோ கட்டித் தொங்கவிடுங்கள். இரவில் ரோட்டில் விட்டே ஆக வேண்டும் என்றால் பிரதிபலிக்கும் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தூரத்திலேயே தெரியும்படி வைத்து, ஒரு ஆளைக் காவலுக்கு விட்டுவிட்டு வாருங்கள். வெறும் கல்லை வரிசையாக வைத்துவிட்டுப் போவதும், பின்பு அதை எடுக்காமல் கிளம்பிவிடுவதும் இன்னொரு விபத்துக்கு வழி.

டிரெய்லரின் சொந்தப் பதிவு எண் அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் டிராக்டரின் எண் அதன் பின்னாலும் தெரிய வேண்டும் என்பதும் சட்டம். நம் பக்கத்தில் பாதி வண்டிகளில் இது இல்லை.

கேள்வி 4: பக்கத்து மனையில் ரிக் லாரியும் கம்ப்ரஸர் லாரியும் நிறுத்துகிறார்கள். அது அவர்கள் சொந்த இடம்தான். ஆனால் விடிகாலை 4 மணிக்கு இன்ஜினைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். பழுது பார்க்கும் ஆயிலும் டீசலும் எங்கள் கிணற்றுப் பக்கம் வடிகிறது. சொந்த இடம் என்றால் எதுவும் செய்யலாமா? - வாசகர், திருச்செங்கோடு.

பதில்: நிறுத்தலாம், எதுவும் செய்யலாம் என்று இல்லை. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் அளவுதான் அனுமதி, பகலில் 55. லாரி இன்ஜின் சத்தம் இதைத் தாண்டும். ஆயில் கிணற்றுக்கு வடிவது குடிநீரைக் கெடுப்பது; அது பொதுத் தொல்லை என்ற வகையில் வரும். முதல் பதிலில் சொன்ன பிரிவு 152, வீதித் தடைக்கு மட்டும் அல்ல, மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொழிலை ஒழுங்குபடுத்தவும் பொருந்தும். கிணற்று நீரைப் பரிசோதித்து அறிக்கையுடன் கோட்டாட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வார்த்தை. ரிக் தொழிலில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு, பழுது பார்க்கத்தான் வண்டியை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டோடு இருக்கும் சில நாட்களில் வேலையை முடிக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். தரையில் சிமெண்ட் தளம் போட்டு, ஆயிலைத் தேக்கும் ஒரு குழி வெட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். 6 மணிக்குப் பிறகு இன்ஜினைப் போடுவது மீதியைத் தீர்க்கும். இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு மனுவுக்குப் போங்கள்.

கேள்வி 5: லாரித் தொழிலை விட்டுவிட்டேன். ஒரு பழைய மினி பஸ் இருக்கிறது. அதில் படுக்கை, சமையல் வசதி எல்லாம் செய்து, கேரவன் போலத் தோட்டத்தில் நிறுத்தி, கொல்லிமலைக்கு வருபவர்களைத் தங்க வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். பாடி கட்டுவதற்கு நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சம் இல்லை. சட்டப்படி செய்யலாமா? - வாசகர், நாமக்கல்.

பதில்: யோசனை நல்லது. ஆனால் பட்டறைக்குப் போகும் முன் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வண்டி ஓடப்போகிறதா, நிற்கப்போகிறதா?

ஓடப்போகிறது என்றால் கவனம் தேவை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறான மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை. கேரவனுக்கு என்று தனியாக ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டி, சோதனை முடித்து, பதிவு செய்ய வேண்டும். எனவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகே பாடியைப் பிரியுங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வண்டி போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற வகையில் வரும். வாடகைக்கு விட்டால் அப்படி அல்ல. வரி, பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் மாறும்.

நிற்கப்போகிறது என்றால் வேறு கணக்கு. இனி ஓடவே ஓடாத வண்டி என்றால் பிரிவு 55-ன்படி அதைத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடலாம். ஆனால் கல் மேல் ஏற்றி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புக் கொடுத்தால் அதை ஊராட்சி ஒரு கட்டடமாகவே பார்க்கக்கூடும். வாடகைக்கு ஆள் தங்குவதால் கட்டட அனுமதி, தீ பாதுகாப்பு, செப்டிக் டேங்க் பற்றி ஊராட்சியில் முன்பே பேசிவிடுங்கள். விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து ஒரு பல்புகூட அதற்கு எரிக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்க வேண்டும். தங்குமிடம், கேரவன் நிறுத்தம் நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நாமக்கல் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். கேரளா 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அங்கே போய் ஒரு கேரவன் பூங்காவைப் பார்த்துவிட்டு வருவது உங்களுக்கு நல்ல முதலீடு. இன்னொன்று: கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கேரவனை மலைக்கு ஏற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, அடிவாரத்தில் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

இந்தக் கேள்வியோடு வெளிநாட்டு நிலையையும் பார்ப்போம். அமெரிக்காவில் பல ஊர்களில் சொந்த வீட்டு முன்வாசலில்கூட கேரவனையும் டிரெய்லரையும் நாள்கணக்கில் நிறுத்தக் கூடாது என்று உள்ளூர் விதி இருக்கிறது. ஜப்பானில் 1962-ல் வந்த சட்டப்படி, பெரும்பாலான ஊர்களில் நிறுத்த இடம் இருப்பதைக் காட்டி, காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடமும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் ஊராட்சிகளில் இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. டிரெய்லர் வாங்கக் கடன் கேட்டால் வங்கி நிலத்தின் பத்திரத்தைப் பார்க்கும். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வாங்கும் முன் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடுதோறும் இடம் இருக்காது என்பதும் உண்மைதான். அதற்கு ஊராகச் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊருக்குப் பொதுவான வண்டி நிறுத்தம் ஒன்று வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். ஊரில் பயன்பாடு குறைந்த பொதுக் களம் இருந்தால் அறுவடை இல்லாத மாதங்களில் அதைப் பயன்படுத்த முடியுமா என்று ஊராட்சியையும் வி.ஏ.ஓ.வையும் கேட்கலாம். ஓடைப் புறம்போக்கையும் ஏரிக்கரையையும் மட்டும் கேட்காதீர்கள். நீர்நிலைகளில் எதற்கும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஒரு மின்விளக்கும், முறை வைத்து ஒரு காவலாளும் இருந்தால் திருட்டுப் பயமும் குறையும்.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இன்று இரவே பார்க்க வேண்டியவை:

1. வண்டி நிற்கும் இடம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா? இழுவைக் கம்பி வெளியே நீட்டுகிறதா?

2. வீதியில் நின்றால், மீதி வழியில் 108 வண்டியும் தீயணைப்பு வண்டியும் நுழையுமா? நீங்களே அளந்து பாருங்கள்.

3. பின்பக்கம் சிவப்புப் பட்டை இருக்கிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் துடையுங்கள்.

4. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்கிறீர்களா? டிப்பர் என்றால் தொட்டி முழுவதும் இறங்கியிருக்கிறதா? பிள்ளைகள் அதன் அடியில் விளையாடுவார்கள்.

5. வைக்கோல், சோளத்தட்டு லோடு மின்கம்பிக்கு அடியில் நிற்கிறதா?

6. பாலிசியில் டிரெய்லரின் எண் இருக்கிறதா? கெடு எப்போது முடிகிறது?

வெண்ணந்தூர் வாசகிக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை உங்கள் பங்காளி வீட்டுக்கும் கொடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கான பதில்கள் அவருக்கும் தேவைப்படும். வண்டி இடம் மாறியதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில் கிணற்றுப் பங்கு, முறைத் தண்ணீர் தொடர்பான கேள்விகள். பட்டா, புலப்பட நகலுடன் கேள்வி அனுப்பினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.